நடுவில் நிற்பவர் என்ன செய்கிறார்?

கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் விலையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் குறைவு. நாமக்கல் மாவட்டத்துப் புதன்சந்தையானாலும் வேறு எந்தச் சந்தையானாலும், தரகர் தன் துண்டை விற்பவரின் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்த மடிப்பு என்பதிலேயே தொகை தெரிந்துவிடும். பிறகு வாங்குபவரிடம் போய் அதே துண்டு, அதே விரல். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒரு எண்ணும் தெரியாது. விற்பவர் எதுவரை இறங்குவார், வாங்குபவர் எதுவரை ஏறுவார் என்ற இரண்டும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த ஒருவர் செய்யும் வேலையைத்தான் மத்தியஸ்தம் என்கிறோம். மாடு விற்பதில் மட்டுமில்லை. வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, வண்டிப்பாதை, பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் நடுவில் ஒருவர் வேண்டியிருக்கிறது. அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும் பொதுவா, பாதியில முடிச்சு வைக்கிறார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இந்தப் பதில் தவறு என்று மொழியியலும் கணிதமும் உளவியலும் தனித்தனியாகக் காட்டியிருக்கின்றன. அதில் மொழியியலின் சான்று சுவையானது. மத்தியஸ்தம் செய்வதைக் குறிக்கும் ஸ்பானிய வினைச்சொல் ஒன்று, பாதியில் தொடங்கிப் பாதியைக் கடந்து வந்திருக்கிறது.

ஒரு வேர், பல கிளைகள்

அந்தச் சொல் 'மெதியார்'. ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் ஒரே எழுத்துதான்; இத்தாலியத்தில் 'மெதியாரே'. மூன்றும் லத்தீனிலிருந்து கிளைத்த மொழிகள். லத்தீனில் 'மெதியூஸ்' என்றால் நடுவிலுள்ளது. அதிலிருந்து பிறந்த வினையே 'மெதியாரே'.

லத்தீன் மெதியூஸ், கிரேக்க 'மெஸோஸ்', பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கின் 'மித்யிஸ்', ஆங்கில 'மிட்', சமஸ்கிருத 'மத்ய' ஆகிய எல்லாம் ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்தவை. மொழியியலாளர்கள் அந்த மூலத்தை 'மெத்யோஸ்' என்று மீட்டமைக்கிறார்கள். எழுதி வைக்கப்படாத ஒரு மொழியின் சொல் அது. எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அதிலிருந்து கிளைத்த மொழிகளில் ஒலிகள் ஒழுங்காக ஒத்துப்போவதைக் கொண்டு கணக்கிட்டுப் பெற்றது.

அந்த ஒழுங்குதான் இந்த அறிவியலின் உயிர். மூலச்சொல்லின் நடுவில் மூச்சோடு ஒலிக்கும் ஒரு 'த' இருந்தது. சமஸ்கிருதம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. லத்தீன் சொல்லின் நடுவில் வந்தால் மூச்சை விட்டுவிட்டு வெறும் 'த' ஆக்கியது. சொல்லின் முதலில் வந்தால் 'ஃப' ஆக்கியது. அதனால்தான் புகையைக் குறிக்கும் சமஸ்கிருத 'தூம' லத்தீனில் 'ஃபூமுஸ்' என்று இருக்கிறது. விதி ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தினால் அது தற்செயல். நூறு சொற்களுக்குப் பொருந்தினால் அது உறவு.

இந்த விதியைக் கைவிட்டால் எளிதில் வழிதவறிப் போவோம். மருத்துவத்தைக் குறிக்கும் 'மெடிசின்', தியானத்தைக் குறிக்கும் 'மெடிட்டேஷன்' இரண்டும் மத்தியஸ்தத்தைக் குறிக்கும் 'மீடியேஷன்' என்ற சொல்லுக்குச் சொந்தம்போலத் தோன்றும். காயத்தை ஆற்றுவதும் மனத்தை ஆற்றுவதும் சண்டையை ஆற்றுவதும் ஒன்றுதானே என்று பேசவும் அழகாயிருக்கும். ஆனால் முதல் இரண்டும் 'அளத்தல்' என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தவை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

நம் 'மத்தியஸ்தம்' இந்தக் குடும்பத்தில்தான் சேர்கிறது. 'மத்ய' என்றால் நடு. 'ஸ்த' என்றால் நிற்பது. இருவருக்கு நடுவில் நிற்பவர் மத்தியஸ்தர். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்தபோது சாவி, ஜன்னல், ஏலம் போன்ற சொற்களைத் தமிழுக்குத் தந்தார்கள். மெதியார் வரவில்லை. அதன் உறவுச் சொல் மத்தியஸ்தம் என்ற உருவில் ஏற்கெனவே இங்கே இருந்தது.

பாதியிலிருந்து நடுவுக்கு

லத்தீன் மெதியாரே எடுத்த எடுப்பில் சமரசத்தைக் குறிக்கவில்லை. பிற்கால லத்தீனில் அபீசியூஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் அதன் பொருள் பாதியாக வெட்டுவது. பல்லாதியூஸ் எழுதிய வேளாண் நூலில் ஜூன் மாதம் பாதியாகும் பருவத்தைக் குறிக்க வருகிறது. சமையற்காரரின் கத்தியிலும் உழவரின் காலக் கணக்கிலும் புழங்கிய சொல் அது.

கிறித்தவம் பரவியபோது அந்தச் சொற்குடும்பத்துக்குப் புதுப் பொறுப்பு வந்தது. இருவருக்கு இடையே நின்று உடன்பாட்டுக்குப் பொறுப்பேற்பவரைக் கிரேக்கத்தில் 'மெசித்தேஸ்' என்பார்கள். விவிலியம் லத்தீனுக்கு வந்தபோது இதற்கு ஈடாக 'மெதியாத்தோர்' என்ற சொல் நின்றது. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே நிற்பவர் என்ற பொருளில் அது பரவியது. கடவுளையும் மனிதரையும் பாதிப்பாதியாக வெட்ட முடியாது. அங்கே நடுவில் இருப்பது என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்ப்பது என்றுதான் பொருள் கொள்ள முடியும். வெட்டும் சொல் இணைக்கும் சொல்லான திருப்பம் இது.

இன்றைய ஸ்பானிய மெதியாரில் இந்தப் பயணத்தின் அடுக்குகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ஒரு காலம் பாதியாவதற்கும் மெதியார். இரண்டு பொருள்களுக்கு நடுவே இருப்பதற்கும் மெதியார். ஒருவருக்காக இன்னொருவரிடம் பரிந்து பேசுவதற்கும், சண்டையிடுபவர்களுக்கு இடையே புகுவதற்கும் மெதியார். அதே மொழியில் 'தெர்சியார்' என்று இன்னொரு வினையும் உண்டு. 'மூன்றாவது' என்ற சொல்லிலிருந்து வந்தது. மூன்றாம் ஆளாக உள்ளே வந்து தீர்த்துவைப்பதைக் குறிக்கும். முதற்சொல் அவர் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது; இரண்டாவது சொல் அவர் எத்தனையாவது ஆள் என்று பார்க்கிறது.

தமிழின் பகலும் நடுவும்

'நடு' திராவிடச் சொல். கன்னடத்தில் நடு, தெலுங்கில் நடுமு, மலையாளத்தில் நடு. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-இல் எழுதினார். கால்டுவெல் 1856-இல் விரிவான ஒப்பிலக்கணமே வெளியிட்டார். அந்தத் தனிக் குடும்பத்திலும் நடு என்ற இடப்பெயர் நீதியின் பெயராக வளர்ந்திருக்கிறது. நடுவர், நடுநிலை, நடுவுநிலைமை. திருக்குறளின் 12-ஆம் அதிகாரத்துக்கே அந்தப் பெயர்தான்.

இதைவிட வியப்பானது 'பகல்'. பகு என்றால் பிரி, பங்கிடு. அதிலிருந்து வந்த பகலுக்குப் பழந்தமிழில் பிரித்தல் என்றும் பொருள் உண்டு, நடு என்றும் பொருள் உண்டு, நடுவுநிலைமை என்றும் பொருள் உண்டு. நுகத்தடியின் நடுவே செருகும் ஆணிக்கும் பகல் என்றுதான் பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைச் சொல்லவந்த பட்டினப்பாலை இந்த நுகத்து ஆணியைத்தான் உவமையாக்கியது. அந்த ஆணி எந்த மாட்டின் பக்கமும் சாயாது. இரண்டு மாடுகளின் இழுப்பையும் தாங்கி ஏரை நேராகப் போகச் செய்யும்.

லத்தீனும் தமிழும் வேறு வேறு குடும்பம். ஒன்றிடமிருந்து மற்றது இந்தப் பொருளைக் கடன் வாங்கவில்லை. ஆனாலும் வெட்டுதல், நடு, நீதி என்று இரண்டும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. மனிதர்கள் எங்கே இருந்தாலும் முதலில் பங்கு போட்டுச் சண்டையைத் தீர்த்துப் பார்க்கிறார்கள். அது போதாது என்று தெரிந்த பிறகு, நடுவில் நிற்பவரிடம் வேறொன்றை எதிர்பார்க்கிறார்கள்.

பாதி வெட்டினால் என்ன ஆகும்?

பாதி ஏன் போதாது என்பதற்குக் கணிதம் விடை சொல்லும். ஒரு மாட்டுக்கு விற்பவர் மனத்தில் ஒரு குறைந்தபட்ச விலை இருக்கிறது. வாங்குபவர் மனத்தில் ஓர் உச்ச விலை இருக்கிறது. இரண்டுமே 30,000 ரூபாய்க்கும் 50,000 ரூபாய்க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று கொள்வோம். இருவரும் தனித்தனியே ஒரு தொகை எழுதித் தர வேண்டும். வாங்குபவர் எழுதியது அதிகமாக இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி விலை முடியும். இல்லாவிட்டால் பேரம் இல்லை.

கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் பாதி வெட்டப்படும் என்று தெரிந்த உடனே விற்பவர் ஏற்றி எழுதுவார். வாங்குபவர் இறக்கி எழுதுவார். 1983-இல் சட்டர்ஜி, சாமுவேல்சன் என்ற இரு அறிஞர்கள் இதைக் கணக்கிட்டார்கள். இருவரும் தத்தம் நலனுக்கு ஏற்றபடி கவனமாக எழுதினால், உண்மையான மதிப்புகளுக்கு இடையே மொத்த வீச்சில் கால்பங்காவது வித்தியாசம் இருந்தால்தான் பேரம் முடியும். நம் கணக்கில் அது 5,000 ரூபாய். வாங்குபவருக்கு மாடு 42,000 பெறும், விற்பவர் 39,000-க்கே தருவார் என்றாலும் வியாபாரம் நடக்காது. இருவருக்கும் ஆதாயம் தரக்கூடிய 16 பேரங்களில் 7 இப்படி நின்றுபோகும்.

விதியை மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். அதே 1983-இல் மயர்சன், சாட்டர்த்வெய்ட் இருவரும் அந்த வழியையும் அடைத்தார்கள். இரு தரப்பும் தம் உண்மை மதிப்பை ஒளித்துவைத்திருக்கும்போது, வெளியிலிருந்து பணம் போடாமல், ஆதாயமுள்ள எல்லாப் பேரங்களையும் முடித்துவைக்கும் விதி எதுவும் இருக்க முடியாது என்று நிறுவினார்கள். இத்தகைய ஆய்வுகளுக்காக மயர்சன் 2007-இல் வேறு இருவரோடு பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

இந்தத் தேற்றத்திலிருந்து ஒன்று தெளிவாகிறது. நடுவில் நிற்பவர் எவ்வளவு நல்ல சூத்திரம் வைத்திருந்தாலும் போதாது. ஒளித்துவைத்த உண்மை அவரிடம் வந்தாக வேண்டும். துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பதன் பயன் அதுவே. எதிராளிக்குத் தெரிந்தால் தனக்கு நட்டம் என்று அஞ்சி மறைக்கும் தகவலை, சந்தைக்குச் சந்தை வந்துபோகும், பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒருவரிடம் மனிதர்கள் சொல்லத் துணிகிறார்கள். நம்பிக்கை இல்லாத தரகரிடம் விரல்கூடப் பொய் சொல்லும்.

யார் சொன்னது என்பதே பாதிச் சண்டை

கணிதம் காட்டாத இன்னொரு தடையை உளவியல் காட்டியது. 1986-இல் அமெரிக்காவில் ஸ்டில்லிங்கர், ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தெருவில் போவோரிடம் அணு ஆயுதக் குறைப்புத் திட்டம் ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். திட்டம் ஒன்றே. சிலரிடம் அது அமெரிக்க அதிபர் ரீகன் சொன்னது என்றார்கள். சிலரிடம் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சொன்னது என்றார்கள். மற்றவர்களிடம் பெயர் தெரியாத வல்லுநர்கள் சொன்னது என்றார்கள். ரீகன் பெயரில் கேட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அதை ஏற்கத்தக்கது என்றார்கள். வல்லுநர் பெயரில் சுமார் 80. கோர்பச்சேவ் பெயரில் 44 மட்டுமே.

எதிராளியின் வாயிலிருந்து வருவதாலேயே ஒரு யோசனை மதிப்பிழக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அண்ணன் சொன்னால் தம்பி ஏற்க மாட்டார். அதையே மாமா சொன்னால் யோசிக்கலாம் என்பார். மூன்றாம் மனிதர் புதிதாக எதையும் கண்டுபிடிக்காவிட்டாலும், சொல்லின் மேல் படிந்த பகையைத் துடைத்துக் கொண்டுசேர்ப்பதே பெரிய வேலை.

மூன்றாவது உண்மையை அமெரிக்கரான மேரி பார்க்கர் ஃபாலட் 1920-களிலேயே எழுதினார். சச்சரவை முடிக்க மூன்று வழி உண்டு என்றார்: ஒருவர் வெல்வது, இருவரும் பாதி விட்டுக்கொடுப்பது, இருவர் தேவையையும் ஒருங்கே நிறைவேற்றுவது. நூலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார். ஃபாலட் மூட வேண்டும் என்றார். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது. இவருக்கு நேராகக் குளிர்காற்று அடிக்கவில்லை. ஜன்னலைப் பாதி திறந்திருந்தால் இருவருக்கும் பாதிக் குறை மிஞ்சியிருக்கும்.

நம் பக்கத்துக் கூட்டுக் கிணற்றுத் தகராறுகளில் இதை வைத்துப் பாருங்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி முறைத் தண்ணீர் என்று கேட்டு மோதுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்தால் கணக்குச் சரியாகும், சண்டை தீராது. அண்ணன் வெங்காயம் போட்டிருக்கிறார். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வேண்டும். தம்பி பகலில் லாரிப் பட்டறை வேலைக்குப் போகிறார். மரவள்ளிக்கு இடைவெளி விட்டுப் பாய்ச்சினால் போதும், அதுவும் இருட்டிய பிறகுதான் அவரால் முடியும். ஒருவரின் தேவை காலையில். மற்றவரின் தேவை இரவில். "எவ்வளவு வேண்டும்?" என்று மட்டும் கேட்கும் நடுவர் தண்ணீரை வெட்டுவார். "எதற்கு வேண்டும், எப்போது வேண்டும்?" என்று கேட்பவரே தகராற்றைத் தீர்ப்பார்.

சேலத்தின் பெயரில் ஒரு தீர்ப்பு

இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்தத்தின் வரலாற்றைப் படிக்கும் எந்தச் சட்ட மாணவரும் சேலத்தைக் கடக்காமல் போக முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் ஆண்டினது. அதில் 1999-இல் திருத்தம் செய்து 89-ஆம் பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சமரசம் ஆகும் வாய்ப்புள்ள வழக்கை நீதிமன்றம் வேறு வழிகளுக்கு அனுப்பலாம் என்பது அந்தப் பிரிவு. திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம்.

தலைமை நீதிபதி கிர்பால் அமர்வு 2002 அக்டோபர் 25 அன்று திருத்தங்கள் செல்லும் என்றது. ஆனால் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு என்பதை ஏற்று, அவற்றை ஆராய நீதியரசர் ஜகந்நாத ராவ் தலைமையில் குழு அமைத்தது. மத்தியஸ்தத்துக்கான மாதிரி விதிகளை அந்தக் குழு வகுத்தது. 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு, அவற்றைப் பின்பற்றி விதிகள் இயற்றுமாறு உயர் நீதிமன்றங்களை வழிப்படுத்தியது. சேலம் வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கு, வெறும் பிரிவாக இருந்ததை நாடு முழுவதும் நடக்கும் நடைமுறையாக்கியது. இதற்கிடையே 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச தீர்வு மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே முதலாவது அது.

சொல்லின் பொருள் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த 89-ஆம் பிரிவே பாடம். அதன் வாசகத்தில் 'நீதிமன்றத் தீர்வு', 'மத்தியஸ்தம்' இரண்டின் விளக்கங்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன. வழக்கை வெளியில் உள்ள பொருத்தமான ஒருவரிடம் அனுப்புவதை நீதிமன்றத் தீர்வு என்றும், நீதிமன்றமே சமரசம் செய்துவைப்பதை மத்தியஸ்தம் என்றும் எழுதியிருந்தார்கள். 2010 ஜூலையில் நீதியரசர் ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, இது வரைவுப் பிழை என்று காட்டி, இரண்டையும் மாற்றிப் படிக்க வேண்டும் என்றது. தீர்ப்பளிப்பவர் வேறு, நடுவில் நிற்பவர் வேறு. நீதிபதிக்கு ஆணையிடும் அதிகாரம் உண்டு. மத்தியஸ்தருக்கு அது கிடையாது. அந்த அதிகாரம் இல்லாததால்தான் அவரிடம் மனம் திறக்க முடிகிறது.

2023-இல் நாடாளுமன்றம் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. மத்தியஸ்தத்தில் பேசியதை வெளியிடவோ வழக்கில் சான்றாகக் காட்டவோ கூடாது என்று அது வகுக்கிறது. 120 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். தரப்பினர் இசைந்தால் மேலும் 60 நாள்கள் நீட்டலாம். ஒரு வட்டாரத்தின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமூக மத்தியஸ்தம் என்ற வழியையும் வகுத்திருக்கிறது. மூன்று மத்தியஸ்தர்கள் சேர்ந்து நடத்துவார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் நாயம் பேசியதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய பஞ்சாயத்தில் தீர்ப்பும் அபராதமும் இருந்தன. சாதியின் பலமும் ஆணின் குரலும் நடுவில் உட்கார்ந்திருந்தன. எளியவரை மிரட்டிச் சம்மதிக்க வைப்பதற்குப் பெயர் மத்தியஸ்தம் இல்லை. இருவரில் யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற உரிமை இருந்தால்தான் அது மத்தியஸ்தம்.

உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இப்படியொரு வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் சமரச தீர்வு மையத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். 89-ஆம் பிரிவின் கீழ் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அங்கே போய் உட்காரும்போது, எவ்வளவு வேண்டும் என்பதோடு எதற்கு வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு எதற்கு வேண்டும் என்றும் காதுகொடுத்துக் கேளுங்கள். நடுவில் நிற்பவரால் தீர்க்க முடிவது, இரு தரப்பும் உண்மையைச் சொன்ன தகராறுகளை மட்டுமே.